அயோவாவின் கரிய மண்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மேட்டு நிலங்களில் உள்ள ‘டாமா’ மண் ஐந்தடிக்கும் மேற்பட்ட ஆழமுடையது. பனியுகத்தில் ஆற்றுப் படுகைகளிலிருந்து காற்று வாரி வந்து குவித்த ‘லோயஸ்’ என்னும் நுண்வண்டலே அதன் மூலம். பல்லாயிரம் ஆண்டுகள் நெடும்புல் வளர்ந்து, அதன் வேர்கள் மக்கியமையால் மேல்மண் கருத்தது. புல்லின் உயரத்தைக் கண்டு வியக்கும் நாம், மண்ணை வளப்படுத்தியது வேரே என்பதை மறத்தலாகாது.

மிகை நீர் இம்மண்ணில் தேங்காது வடிந்துவிடும். எனினும் ஓரடி மண் ஏறத்தாழ 2 அங்குல நீரைப் பயிருக்கெனச் சேமித்து வைக்கும். மணல் நீரை விட்டுவிடும். களி இறுகப் பற்றிக்கொள்ளும். வண்டலோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

ஆனால் சரிவுகளில் அது மழையில் எளிதில் கரைந்தோடும். உழவும் அதனை மேட்டிலிருந்து கீழே தள்ளும். அவ்வட்டார விளைநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரிய மேல்மண்ணை அறவே இழந்துவிட்டதென 2021இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆதலின் அங்கு உழவர் பலர் உழாமலே விதைத்து, மக்காச்சோளத் தட்டையை வயலிலேயே விட்டுவைக்கின்றனர்.