முதல் கட்டுக்கு முன்பே பாதி எடிட்டிங்

படத்தொகுப்பு கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பதைத்தான். 2020-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற கொரியப் படமான 'பாரசைட்', ஃபைனல் கட் புரோ 7-இல் தொகுக்கப்பட்டது. அந்தப் பதிப்பை ஆப்பிள் நிறுவனம் 2011-லேயே கைவிட்டிருந்தது. அப்படியும் அதன் எடிட்டர் யாங் ஜின்-மோவுக்குப் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்தை ஆவிட் மென்பொருளில் வெட்டி ஆஸ்கர் வாங்கினார். டிஜிட்டல் முறையில் தொகுக்கப்பட்டு, படத்தொகுப்புக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் படம் அது. சில ஆண்டுகள் கழித்து 'கோல்டு மவுன்டன்' படத்தை அவரே ஃபைனல் கட் புரோவில் வெட்டினார்.

ஆகவே கருவியைப் பற்றிய கேள்வியை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். தொழில்முறை வேலையையும் பொழுதுபோக்கு வேலையையும் பிரிப்பது பெரும்பாலும் டைம்லைனுக்கு வெளியே நடக்கிறது.

எதில் வெட்டுவது?

1989-இல் அறிமுகமான ஆவிட் மீடியா கம்போசர் இன்றும் பெரிய படங்களில் கோலோச்சுகிறது. பல எடிட்டர்கள் ஒரே புராஜெக்டில் ஒருவர் வேலையை ஒருவர் கெடுக்காமல் இயங்க அது வழிசெய்கிறது. தமிழில் 1994-இல் வெளியான 'மகாநதி', இந்தியாவில் ஆவிடில் தொகுக்கப்பட்ட தொடக்ககாலப் படங்களில் ஒன்று. அடோபி பிரீமியர் புரோ சந்தா கட்டிப் பயன்படுத்துவது; ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஃபோட்டோஷாப்போடு சேர்த்து வேலை செய்பவர்களுக்குக் கைகொடுக்கும். ஃபைனல் கட் புரோ ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும். நம் ஊர் கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களில் எடியஸ் நெடுங்காலமாகப் புழங்குகிறது. நிறத் திருத்தக் கருவியாகப் பிறந்த டாவின்சி ரிசால்வை 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. இன்று எடிட்டிங், ஒலி, கிராஃபிக்ஸ், நிறம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதன் இலவசப் பதிப்பே ஒரு குறும்படத்துக்குத் தாராளம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பின்னால் ஓட்ட 'ஜே', நிறுத்த 'கே', முன்னால் ஓட்ட 'எல்', தொடக்கம் குறிக்க 'ஐ', முடிவு குறிக்க 'ஓ' என்ற ஐந்து விசைகளும் பொதுவானவை. மவுஸைத் தொடாமல் இந்த ஐந்தைக் கொண்டே ஃபுட்டேஜ் முழுவதையும் பார்த்துப் பழகினால் வேகம் தானாக வரும்.

கார்டை அழிக்கும் முன்

1998-இல் பிக்ஸார் ஸ்டூடியோவில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளை, 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதிக் கோப்புகளை அழித்துவிட்டது. பேக்கப்பைத் திறந்தால் அதுவும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதுதான் படத்தைக் காப்பாற்றியது.

இப்படிப்பட்ட விபத்துகளுக்காகத்தான் துறையில் 3-2-1 விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு இடத்தில். மூன்றும் ஒரே மேஜையில் இருந்தால் ஒரு திருட்டோ ஒரு மழை வெள்ளமோ போதும். மெமரி கார்டிலிருந்து கோப்புகளை மவுஸால் இழுத்துப் போடுவதும் ஆபத்து. பாதியில் ஒரு கோப்பு சிதைந்தால் தெரியவே தெரியாது. அசலும் நகலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று செக்சம் கணக்கிட்டுச் சரிபார்க்கும் கருவிகள் உண்டு. டாவின்சி ரிசால்வின் 'குளோன்' வசதியே இதைச் செய்யும்.

நாள், கேமரா, கார்டு என்ற வரிசையில் ஃபோல்டர்கள் போடுங்கள். ஆனால் கிளிப்களுக்குக் கேமரா வைத்த பெயரை மாற்றாதீர்கள். ஒலிக்கும் நிறத்துக்கும் வேறு கணினிக்குப் புராஜெக்ட் போகும்போது, அந்தப் பெயரையும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்ணான டைம்கோடையும் வைத்துத்தான் கோப்புகள் தேடப்படும்.

கணினி ஏன் திணறுகிறது?

செல்போனிலும் பல கேமராக்களிலும் வீடியோ பதிவாவது எச்.264 அல்லது எச்.265 என்ற கோடெக்கில், அதாவது சுருக்கும் முறையில். இவை கோப்பைச் சுருக்கும் விதம் சாமர்த்தியமானது. ஒரு ஃபிரேமை முழுசாகச் சேமித்துவிட்டு, அடுத்து வரும் பல ஃபிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. தொடர்கதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் பிரித்துப் படிக்க முயல்வது போன்ற நிலைதான் கணினிக்கு. நீங்கள் டைம்லைனில் ஒரு ஃபிரேமின் மீது நின்றால், கணினி அதற்கு முன்னால் இருக்கும் முழு ஃபிரேமைத் தேடிப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுத் திரும்பி வர வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இந்த அலைச்சல் இன்னும் கூடும். விலை உயர்ந்த கணினியும் திக்குவது இதனால்தான்.

எடிட்டிங்குக்கென்றே உருவான புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியே முழுமையானது. கணினிக்கு உழைப்பு குறைவு. விலையை ஹார்ட் டிஸ்க் கொடுக்கும். 4கே தரத்தில் நொடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் புரோரெஸ் 422 எச்.க்யூ ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 330 ஜிபி பிடிக்கும். அதே ஒரு மணி நேரத்தை 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றினால் 17 ஜிபி போதும்.

ப்ராக்ஸி முறையின் சூட்சுமம் இதுதான். அசலைத் தொடாமல் வைத்துவிட்டு, இலகுவான நகலில் வெட்டுகிறீர்கள். முடித்தபின் மென்பொருள் ஒவ்வொரு கட்டையும் அசலோடு பொருத்திக்கொள்கிறது. நகலுக்கும் அசலுக்கும் ஃபிரேம் வேகம், டைம்கோடு, ஒலித் தடங்களின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போனால்தான் இது பிசகாமல் நடக்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ராக்ஸி அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மங்கலான படம் வாடிக்கையாளர் கைக்குப் போனபின் பார்த்துப் பயனில்லை.

செல்போன் ஃபுட்டேஜில் இன்னொரு சிக்கல் உண்டு. பல போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். நாற்பது நிமிடப் பேட்டியில் தொடக்கத்தில் பொருந்தியிருந்த உதடும் குரலும் முடிவில் விலகி நிற்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் போன்ற இலவசக் கருவிகளில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டே டைம்லைனுக்குக் கொண்டுவருவது நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப் லைட் வெளிச்சத்தில் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வேகம் என்று எடுத்தால் படம் மினுக்குவதும் குறையும்.

எங்கே வெட்டுவது?

ஒரு கட் நல்லதா என்று முடிவு செய்ய மர்ச் ஆறு அளவுகோல்களைச் சொல்லி, அவற்றுக்கு மதிப்பெண்ணும் போட்டார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்வையாளரின் கண் எங்கே நிற்கிறது என்பதற்கு 7, திரைத்தளத்துக்கு 5. கை எங்கே இருந்தது, கிளாஸ் எங்கே இருந்தது என்ற இடத் தொடர்ச்சிக்கு மிஞ்சுவது வெறும் 4. புதிதாக வருபவர்கள் இந்த நான்கு சதவீதத்துக்காகத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரின் பேட்டி என்று வைத்துக்கொள்வோம். தன் பிள்ளைகள் யாரும் தறியில் உட்காரவில்லை என்று சொல்லி முடிக்கிறார். பிறகு இரண்டு நொடி பேசாமல் கீழே பார்க்கிறார். அவசரக்காரர் வாக்கியம் முடிந்த இடத்திலேயே வெட்டிவிடுவார். அனுபவசாலி அந்த இரண்டு நொடியை விடமாட்டார். சொன்னதன் கனம் அங்கேதான் இருக்கிறது. அந்த முகம் திரையில் இருக்கும்போதே தறிச் சத்தத்தை மெல்ல உள்ளே விட்டு, அதன்பின் தறியைக் காட்டுவார். ஒலி முந்தி, படம் பிந்தி வரும் இதை 'ஜே கட்' என்பார்கள். அடுத்த காட்சி வந்த பிறகும் பழைய குரல் தொடர்ந்தால் 'எல் கட்'. படமும் ஒலியும் எப்போதும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால் பேட்டி தடதடவென்று ஓடும்.

ஒவ்வொரு பதிப்பையும் தொடங்குமுன் பழைய சீக்வென்ஸை நகலெடுத்து வைப்பது எடிட்டர்களின் பாலபாடம். "முதலில் இருந்ததே நன்றாக இருந்தது" என்று இயக்குநர் சொல்லும் நாள் கட்டாயம் வரும். இனி வெட்டு மாறாது என்று 'பிக்சர் லாக்' சொன்னபின் ஒரு நொடியை நீக்கினாலும் இசை, ஒலி, நிறத் திருத்தம் (டி.ஐ.), கிராஃபிக்ஸ் எல்லோர் வேலையும் அந்த ஒரு நொடி நகரும்.

ஒலியும் நிறமும்

சற்று மங்கிய படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். கேட்காத வசனத்தைப் பொறுக்கமாட்டார். வசனத்தை முதலில் சீராக்கி, அதற்குக் கீழே இசையை வையுங்கள். படப்பிடிப்பு இடத்தின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்துவந்தால், கட்டுகளுக்கு இடையிலான பள்ளங்களை அதைக் கொண்டு நிரப்பலாம். ஒலி அளவுக்கு எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகு உண்டு. ஐரோப்பிய ஒளிபரப்புத் தரம் மைனஸ் 23. யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14-க்கு மேல் போனால் தானே குறைத்துவிடும், அலறவிட்டுப் பயனில்லை.

நிறத்தில் கண்ணை நம்பாதீர்கள். சிறிது நேரத்தில் அது எந்த நிறத்துக்கும் பழகிவிடும். வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் வேவ்ஃபார்மும் வெக்டர்ஸ்கோப்பும் பழகுவதில்லை. முதலில் எல்லா ஷாட்களையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், அலங்காரம் அதன்பின்.

தமிழ் டைட்டிலைப் பார்க்கும்போது

வெட்டி முடித்து டைட்டில் போடும்போதுதான் 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துருவின் மீது பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி மென்பொருளின் எழுத்து அமைப்பு. பிரீமியர் புரோவில் கிராஃபிக்ஸ் விருப்பங்களுக்குள் சென்று, தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் காலும் சரியான இடத்துக்கு வந்துவிடும். எழுத்துரு யூனிகோடா என்பதையும் பாருங்கள். பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டிய பெயர் வேறு கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும்.

கடைசி வேலை பொறுமைக்கானது. டைம்லைனில் அல்ல, எக்ஸ்போர்ட் ஆன கோப்பைத் திறந்து முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம்வரை பாருங்கள்: ஒருமுறை டிவியில், ஒருமுறை செல்போன் ஸ்பீக்கரில். கூடவே, கதை தெரியாத ஒருவரையும் உட்கார வையுங்கள். அவர் எங்கே போனைக் கையில் எடுக்கிறாரோ, அந்த இடத்தின் டைம்கோடைக் குறித்துக்கொண்டு மறுபடி வெட்ட உட்காருங்கள். முழுசாகப் பார்த்து முடிக்காத கோப்பை யார் அவசரப்படுத்தினாலும் அனுப்பாதீர்கள்.