விழப்போகும் பல்லுக்கு ஒரு ஸ்டீல் தொப்பி

“எப்படியும் விழப்போற பல்தானே டாக்டர், அடைக்கணுமா?” சொத்தைப் பல்லோடு பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோர் பலரும் கேட்பது இதுதான். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும், உண்மை. ஆனால் பால் கடைவாய்ப் பற்களுக்குப் பத்து, பன்னிரண்டு வயதுவரை வேலை இருக்கிறது. முன்னதாகவே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியில் வளரும் நிரந்தரப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, எதை வைத்து அடைப்பது? வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம். பால் பற்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அது வேண்டாமென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2022-இல் முடிவெடுத்தன. பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் அழகுதான். ஆனால் அது ஒட்ட, பல் உலர்ந்திருக்க வேண்டும். அழுகிற மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் எச்சிலை எப்படி நிறுத்துவது?

கிளாஸ் அயனோமர் சிமென்ட் அந்த அளவு அடம்பிடிக்காது. பல்லோடு தானே ஒட்டிக்கொண்டு, ஃபுளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பலவீனமும் உண்டு: இரண்டு பற்களுக்கு இடையில் விழுந்த சொத்தையை அடைத்தால், மெல்லும் அழுத்தத்தில் உடையக்கூடும்.

அந்த இடத்துக்கு என் மனம் சாய்வது ஸ்டீல் தொப்பியின் பக்கம். பெற்றோருக்கு அந்த வெள்ளிப் பளபளப்பு பிடிப்பதில்லை; எனக்கோ அது பிள்ளைக்குக் கிடைத்த நிம்மதியாகத் தெரிகிறது. ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் காட்டிய வழியில் ஊசி இல்லை, சொத்தையைக் குடையும் சத்தமும் இல்லை. அளவான தொப்பிக்குள் சிமென்ட்டை நிரப்பிப் பல்மேல் வைத்து, பிள்ளையையே கடிக்கச் சொல்வார்கள். உள்ளே அடைபட்ட கிருமிகளுக்குச் சர்க்கரை கிடைக்காததால் சொத்தை அங்கேயே நின்றுபோகிறது. டண்டீ பல்கலைக்கழகத்தின் நிக்கோலா இன்ஸ் குழுவினர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லில் வழக்கமான அடைப்பும், இன்னொன்றில் இந்தத் தொப்பியும் வைத்துப் பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் விரும்பியது தொப்பியைத்தான்.

வலியோ சீழோ வந்துவிட்ட பல்லுக்கு இது உதவாது. அதற்கு முன்பே காட்ட வேண்டும். மாட்டிய சில நாள் கடி உயரமாகத் தெரியும், வாரங்களில் சரியாகிவிடும். நிரந்தரப் பல் மேலே வரும்போது, பால் பல் தொப்பியோடு சேர்ந்தே கையில் வந்துவிடும்.