பார்க்க அழகு, பராமரிக்கப் பாடு

பாலக்காட்டு அக்ரகாரங்களைக் காண வெளியூர்க் கூட்டம் அலைமோதுகிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கோ ஒரு சுவரை இடித்துக் கட்டுவதே பெரும்பாடு.

2023 ஜூலையில் இந்தியாவின் மிக அழகான 10 கிராமங்கள் என்று ஒரு பட்டியல் சமூக ஊடகங்களில் சுற்றிவந்தது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பகிர்ந்துகொண்டதும் அதிலிருந்த ஒரு பெயர் கேரளத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது: கொல்லங்கோடு. நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் பாதையில் இருக்கும் ஊர். நெல் வயல்கள், வரப்போரம் பனை மரங்கள், மழைக்காலத்தில் மலை முகட்டிலிருந்து வெள்ளிக் கம்பிபோல் இறங்கும் அருவிகள். அதன் பிறகு விடுமுறை நாட்களில் கார்கள் வரிசை கட்டின. படம் எடுக்க இறங்குபவர்கள் பயிரை மிதிக்கிறார்கள், குப்பையை விட்டுச்செல்கிறார்கள் என்று முணுமுணுப்பும் எழுந்தது.

கொல்லங்கோட்டில் அழகு வயலில் இருக்கிறது. வந்தவர்கள் வரப்போடு திரும்பிவிடலாம். அதே மாவட்டத்தில், பாலக்காடு நகருக்குள்ளேயே இருக்கும் கல்பாத்தியில் அழகு வீட்டுத் திண்ணை வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

நகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் கல்பாத்திக்காரர்கள் தங்கள் தெருவை இன்றும் 'கிராமம்' என்றே சொல்கிறார்கள். புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று ஒட்டி ஒட்டி அமைந்த தெருக்கள். ஒவ்வொன்றுக்கும் கோயில் உண்டு. இரு பக்கமும் சரமாக ஓட்டு வீடுகள். திண்ணையைக் கடந்தால் ரேழி, கூடம், அடுக்களை, கொல்லையில் கிணறு என்று வீடு பின்னோக்கி நீளும். அகலம் குறைவு. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பெரும்பாலும் ஒரே சுவர்.

கிராமத்தின் கதை கோயிலிலிருந்து தொடங்குகிறது. கல்பாத்திப் புழையின் தென்கரையில் உள்ள விஸ்வநாத சுவாமி கோயில் சுமார் 1425இல் கட்டப்பட்டது. சேகரிபுரத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, 1,320 பொற்காசுகளைப் பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்துக் கோயில் எழுப்பச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 'காசியில் பாதி கல்பாத்தி' என்ற சொலவடை இதையொட்டி வந்தது.

ஆனால், இந்தத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். அதே ஆண்டு நவம்பரில், தேர்த் திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். இன்று 'பாரம்பரியம்' என்று பேசும்போது இந்த அத்தியாயம் நாசூக்காக விடப்படுகிறது. அழகான தெருவுக்கு அழகில்லாத வரலாறும் உண்டு.

அக்ரகாரத்தின் பொருளாதாரம் நிலத்தை நம்பியிருந்தது. 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் குத்தகை முறையை ஒழித்தது. உழுதவர்களுக்கு நிலம் கிடைத்தது. குத்தகை நெல்லில் வாழ்ந்த குடும்பங்களுக்கு வருமானம் நின்றது. அதற்கு முன்பே சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று பம்பாய்க்கும் டெல்லிக்கும் சென்னைக்கும் ரயிலேறும் வழக்கம் தொடங்கியிருந்தது. பிறகு அது பெருகியது. விளைவு: பூட்டிய கதவுகள், தனியே வாழும் முதியவர்கள், பாகப்பிரிவினை முடியாத வீடுகள்.

இந்த நிலையில்தான் கேரள அரசு கல்பாத்தியைப் பாரம்பரிய கிராமமாக அறிவித்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பினால் தெருவின் ஒழுங்கு குலையும். பொதுச் சுவர் கொண்ட பக்கத்து வீடும் ஆட்டம் காணும். ஆனால் நகராட்சியின் கட்டட அனுமதியோடு பாரம்பரியக் குழுவின் ஒப்புதலும் தேவை என்றானதும், கரையான் அரித்த உத்தரத்தோடு வாழ்பவர்களின் பாடு திண்டாட்டமாயிற்று. பழைய பாணியில் புதுப்பிக்க நல்ல மரம் வேண்டும், கை தேர்ந்த தச்சர் வேண்டும். அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

இந்தத் தலைவலி கல்பாத்திக்கு மட்டும் உரியதல்ல. வட இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டுக்கு அருகே சால்டயர் என்று ஒரு சிறு குடியிருப்பு. கம்பளி ஆலை அதிபர் டைட்டஸ் சால்ட் தன் தொழிலாளர்களுக்காக 1851இல் கட்டத் தொடங்கியது. 800க்கு மேற்பட்ட கல் வீடுகள், அங்கேயும் சுவரோடு சுவராக, வரிசை வரிசையாக. 1853இல் திறந்த ஆலை 1986இல் மூடப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ சால்டயரை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அங்கே வசிப்பவர் ஜன்னலையோ வாசல் கதவையோ வேறு வகைக்கு மாற்ற வேண்டுமென்றாலும் உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். குளிர் காற்று உள்ளே வந்தாலும் நினைத்த மாத்திரத்தில் பிளாஸ்டிக் சட்டம் பொருத்த முடியாது.

ஒரு வித்தியாசம் உண்டு. சால்டயரில் ஆலை போனாலும் அந்தக் கட்டடத்தில் ஓவியக் கூடமும் கடைகளும் வந்தன. பக்கத்து நகரங்களில் வேலை பார்ப்பவர்கள் குடியேறினார்கள். புதியவர்கள் வந்ததால் தெரு பிழைத்தது. கல்பாத்தியிலும் வேற்றூர்க்காரர்கள் வர வேண்டும். பழைய குடும்பங்கள் இனித் திரும்பி வந்து எல்லா வீடுகளையும் நிரப்பப்போவதில்லை. வாங்குபவர் யாராக இருந்தாலும் அவருக்கு இரண்டு தேவை: விரைவாகக் கிடைக்கும் அனுமதி, பழுது பார்க்கப் பண உதவி. இவை இல்லாமல் தடையை மட்டும் போட்டால், சட்டம் காப்பாற்ற நினைத்த வீட்டை மழையே இடித்துவிடும்.

கல்பாத்தியின் செல்வாக்குக்கு ஒன்றும் குறைவில்லை. ஐப்பசி ரதோற்சவத்தின்போது நான்கு கோயில் தேர்கள் வருகின்றன; வடம் பிடிப்பவர்கள் முன்னால் இழுக்க, யானை பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறது. 2024 நவம்பர் 13 அன்று நடக்கவிருந்த பாலக்காடு சட்டமன்ற இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் 20ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது. காரணம், தேர்த் திருவிழா.

தேருக்காகத் தேர்தலையே தள்ளிவைக்க முடிகிறது. தேரோடும் தெருவில் ஒழுகும் கூரைகளுக்கும் அதே அக்கறையில் ஒரு பங்காவது கிடைத்தால், அடுத்த தலைமுறையிலும் திண்ணையில் உட்கார்ந்து தேர் பார்க்க ஆள் இருக்கும்.