அரசியலில் தாய்மாரும் ஊடகங்களின் இரட்டை அளவுகோலும்

குழந்தை வளர்ப்பைப் பற்றி அரசியலில் உள்ள தாயிடம் மட்டும் கேட்டு, தந்தையிடம் கேட்காமல் விடுவது ஊடகங்களின் இரட்டை அளவுகோல்களுள் ஒன்றாகும்.

2020 டிசம்பரில் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானவர் ஆர்யா ராஜேந்திரன். 2023 செப்டம்பரில், ஒரு மாதக் கைக்குழந்தையை ஏந்தியபடி அவர் அலுவலகக் கோப்புகளைப் பார்க்கும் படம் பரவியது. சிலர் பாராட்டினர், சிலர் விளம்பரம் என்று சாடினர். அவருடைய கணவர் சச்சின் தேவ் அப்போது பாலுசேரி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். ஆயினும் பேச்சு தாயைச் சுற்றியே நடந்தது.

நியூசிலாந்தில் 2017 ஆகஸ்டில் தொழிற்கட்சித் தலைவரான ஜெசிந்தா ஆர்டனிடம், சில மணி நேரத்திலேயே தொலைக்காட்சியில் குழந்தை பெறும் எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டது.

இத்தகைய செய்திகளில் பாராட்டும் பழியும் தாய்க்கே சேர்கின்றன. தந்தையின் பங்கும் பணியிடக் குழந்தைகள் காப்பகத்தின் தேவையும் மறைந்துபோகின்றன.