தாம்பரம் வெயிலும் டயரின் காற்றும்

வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாடுகளில் ஸ்போர்ட்ஸ் காருக்கும் குளிர்கால டயர் மாட்டுவர். அந்த மென்மையான ரப்பர் தாம்பரம் வெயிலில் விரைந்து தேயும். இங்கு அது வீண்செலவு. நமக்கு வேண்டியது காற்றழுத்த உணரி.

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த உழைப்பு வெப்பமாகிறது. வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் வேகமெடுக்கையில் அத்தகைய டயர் வெடிக்கக்கூடும். உணரியும் பஞ்சர் ஒட்டும் கருவியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என 2020-இல் விதி திருத்தப்பட்டது. ஆனால் உணரி தாமதமாகவே பேசும். அமெரிக்க விதி கோருவதே 25 விழுக்காடு குறைந்தபின் விளக்கு எரிவதைத்தான். எனவே காலையில், வண்டியை எடுக்குமுன் அளப்பதே முறை. ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவோரும் உண்டு.