மழை இரவில் உறங்காத பிள்ளை

2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிற்று. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமொன்றும் மண்ணிற் புதையுண்டது. அன்று ஐந்தாறு வயதினராயிருந்த சிறார் இன்று வாலிபத்தின் வாயிலில் நிற்கின்றனர்.

அவர்களுள் ஒருவன் மழை இரவில் விழித்திருந்து மறுநாள் வகுப்பில் கண்ணயர்ந்தால், சோம்பேறி என்கிறோம். சீறினால், அடங்காதவன் என்கிறோம். பேராபத்தைக் கண்ட பிள்ளையின் உடல், அது நீங்கிய பின்னரும் காவலிருப்பதுண்டு. தகரக் கூரையின் மழையோசையே அதனை உலுக்கப் போதும்.

மலைதான் சரிய வேண்டுமென்பதில்லை. அமெரிக்க மருத்துவர்களான ஃபெலிட்டி, அண்டா முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் நிகழும் அடி, வசை, குடி போன்றவற்றையே ஆராய்ந்தது. சிறுவயதில் இத்தகைய துன்பங்களில் நான்கு வகைகளையோ அதற்கு மேலோ கண்டவர்களிடம், வளர்ந்த பின் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் பன்மடங்கு மிகுந்திருந்தன.

சப்பிரகமுவத் தோட்டங்களில் தாய் விடியற்காலையிலேயே இரப்பர்ப் பால் வெட்டப் போகிறாள். அல்லது மத்திய கிழக்கில் பிறர் பிள்ளையை வளர்க்கிறாள். (அவளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை, சோறும் கொப்பியும் அப்பணத்தில்தான் வருகின்றன.) அப்பிள்ளைக்கு வேண்டியது, நாள்தோறும் மாறாத ஒரு பெரியவர்: பாட்டியோ, ஆசிரியரோ. “ராத்திரி தூங்கினியாப்பா?” என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் குன்றினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.