உங்களுக்குத் தெரியுமா? லண்டன் சிரிப்பில் நம்ம ஊர் வெயில்

'மைண்ட் யுவர் லேங்வேஜ்' தொடரில் மாவோவின் சிவப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி ஆங்கில வகுப்புக்கு வருவாரே சீனப் பெண் சூ லீ, அவர் பெய்ஜிங்காரர் அல்ல, பினாங்குக்காரர். நடிகையின் பெயர் பிக் சென் லிம். 1944இல் பினாங்கில் பிறந்து, நடிப்புப் படிக்கச் சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போனவர். தொடர் முதலில் ஓடிய 1977–79இல் நம் நாட்டுக் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை இன்னும் ஓயவில்லை. லண்டன் ஸ்டூடியோவில் அந்தப் புத்தகத்தை நீட்டினால் கைதட்டல். அதே புத்தகத்தோடு கோலாலம்பூரில் பஸ் ஏறியிருந்தால் கதையே வேறு.

*

அதே வகுப்பில், கையெடுத்துக் கும்பிட்டு மூச்சுக்கு மூச்சு 'ஆயிரம் மன்னிப்பு' கேட்கும் தலைப்பாகைக்காரர் ரஞ்சித் சிங்கை நினைவிருக்கிறதா? அந்த வேடத்தில் நடித்த ஆல்பர்ட் மோசஸ் பிறந்தது பஞ்சாபில் இல்லை, இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கம்பளையில் (1937). அவரோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் பாகிஸ்தானி அலியாக வந்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். ஆக, வாராவாரம் நடந்த அந்த இந்திய – பாகிஸ்தான் சண்டையில் மோதிக்கொண்டவர்கள் ஓர் இலங்கைக்காரரும் ஒரு டாக்காக்காரரும்! இந்தத் துணைக்கண்டத்து வேடங்கள் மூன்றில் பாத்திரத்துக்கும் பிறந்த மண்ணுக்கும் பொருத்தம் இருந்தது ஜமீலாவுக்குத்தான். நடிகை ஜமீலா மாசி சிம்லாவில் பிறந்தவர். அடுத்த முறை பார்க்கும்போது வசனத்தை விட்டுவிட்டு அவர் கைகளைக் கவனியுங்கள். வகுப்பே இரண்டுபட்டாலும் பின்னல் ஊசி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

*

இனக் கேலி அளவு மீறிப் போகிறது என்று 29 பகுதிகளோடு தொடரை நிறுத்தியவர், அதை ஒளிபரப்பிய லண்டன் நிறுவனத்தின் நிகழ்ச்சித் தலைவர் மைக்கேல் கிரேட். பிறகு 1986 வாக்கில் இன்னொரு 13 பகுதிகள் தயாராயின. கிரேட் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கேலிக்கு ஆளான நாடுகள்தாம் தொடரை விரும்பி வாங்கின. அந்தப் பட்டியலில் மலேசியாவும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி பேசிக்காட்டுவது மூன்று இனமும் கூடி வாழும் நமக்குப் புதிதா என்ன?

*

அந்த வகுப்பின் அழகான ஆசிரியர் பேரி எவன்ஸ், வாய்ப்பு வற்றிய கடைசிக் காலத்தில் லெஸ்டர்ஷயரில் டாக்சி ஓட்டினார். 1997இல் இறந்தபோது வயது 53.

*

இனி ராணுவக் கொட்டகைக்குப் போவோம். 1945இல் போர் முடிந்தது. ஆனால் சிப்பாய்களை உடனே ஊருக்கு அனுப்பக் கப்பலும் இல்லை, அவசரமும் இல்லை. வெயிலில் சும்மா கிடக்கும் பையன்கள் வம்பில் மாட்டாமல் இருக்கப் பாட்டு, கூத்து, நாடகம் என்று ஏற்பாடு செய்தது பிரிட்டிஷ் படையின் கேளிக்கைப் பிரிவு. அதன் சிங்கப்பூர்க் குழுவில் அப்போது இருந்தவர்களைப் பாருங்கள்: பின்னாளில் 'கேரி ஆன்' படங்களின் மூக்கை விடைத்த நாயகன் கென்னத் வில்லியம்ஸ், ஸ்காட்லாந்தின் பலகுரல் மன்னன் ஸ்டான்லி பேக்ஸ்டர், நாடகாசிரியர் பீட்டர் நிக்கல்ஸ், 'மிட்நைட் கவ்பாய்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய இயக்குநர் ஜான் ஷ்லெசிஞ்சர். யாருக்கும் அன்று பெயர் இல்லை. எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. சம்பளம், சாப்பாடு, மேடை மூன்றையும் பட்டாளமே கொடுத்தது. இதைவிடப் பெரிய நடிப்புப் பள்ளி எங்கே கிடைக்கும்?

*

வில்லியம்ஸ் பட்டாளத்தில் சேர்ந்தது நடிப்பதற்காக இல்லை. அவர் படித்தது வரைபடம் வரையும் தொழில். போட்டதும் நில அளவைப் பிரிவில்தான். இந்தியா, இலங்கை வழியாகச் சிங்கப்பூர் வந்த பிறகுதான் வரைகோல் போய் ஒப்பனை வந்தது. பதின்வயதில் தொடங்கிய நாட்குறிப்பை 1988இல் இறக்கும்வரை எழுதினார். அது அச்சில் வந்தபோது, ஊரைச் சிரிக்கவைத்தவர் உள்ளே எவ்வளவு தனிமையில் கிடந்தார் என்று ரசிகர்கள் அதிர்ந்துபோனார்கள்.

*

சிங்கப்பூர்க் கூத்துக் குழு அனுபவத்தை வீணாக்காதவர் நிக்கல்ஸ். 1977இல் லண்டனில் மேடையேறிய அவரது 'பிரைவேட்ஸ் ஆன் பரேட்' நாடகம் 1948இன் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நடக்கிறது. அதாவது நம் அவசரகாலத்தின் தொடக்கம். பெண் வேடமிட்டு ஆடும் சிப்பாய்க் கூத்துக் குழுவை, விஷயம் சொல்லாமல், காட்டுக்குள் தூண்டில் புழுவாக அனுப்பிவிடுகிறார் ஒரு மேஜர். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குண்டு பாய்கிறது. பின்னால் வந்த சினிமாவில் அந்த மேஜர் யார் தெரியுமா? 'மான்டி பைதான்' ஜான் கிளீஸ். அவசரகாலம் என்றால் நமக்குப் புதுக்கிராமமும் முள்வேலியும் ஊரடங்கும் நினைவுக்கு வரும். அதே காலத்தை முகப்பூச்சும் பாவாடையுமாகப் பார்த்தவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

*

'இட் ஏன்ட் ஹாஃப் ஹாட் மம்' (1974–81) தொடரும் இதே வகையறா. எழுதிய இருவரில் ஜிம்மி பெரி மகாராஷ்டிரத்தின் தேவ்லாலி முகாமில் ராணுவக் கச்சேரிக் குழுவில் இருந்தவர். டேவிட் கிராஃப்ட் சிங்கப்பூரில் பட்டாள அதிகாரியாக இருந்தவர். ரங்கி ராம் என்ற இந்தியர் வேடத்துக்கு முகத்தில் மை பூசி நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர். ஜான்சியில் பிறந்தவர், உருது பேசத் தெரிந்தவர் என்று அவருக்கு வக்காலத்து வாங்கினார்கள். அந்தச் சமாதானம் எடுபடவில்லை, பி.பி.சி. அந்தத் தொடரை மறுபடி காட்டுவதில்லை.

*

வேல்ஸ் மலைச்சரிவு ஒன்றை இந்திய எல்லை என்று சொல்லி எடுத்த படம் 'கேரி ஆன் அப் தி கைபர்' (1968). அங்கே ராஜாவாக வந்தவர், நம் வெயிலை உண்மையிலேயே பார்த்திருந்த வில்லியம்ஸ்.

*

ஸ்பைக் மில்லிகன் பிறந்தது அகமதுநகர், 1918. வளர்ந்தது பூனாவிலும் ரங்கூனிலும். அவர் எழுதிய 'கூன் ஷோ' வானொலி நிகழ்ச்சியில் கூட்டாளி பீட்டர் செல்லர்ஸ். போர்க்காலத்தில் விமானப் படையின் நாடகக் குழுவோடு இந்தியா, இலங்கை, பர்மா என்று சுற்றியவர் செல்லர்ஸ். 'தி பார்ட்டி' படத்தில் அவர் நடித்த இந்தியர் பக்ஷிக்கு வேண்டிய பேச்சும் தலையாட்டலும் எங்கே கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

*

'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' எழுதிய ஆந்தனி பர்ஜெஸ் நம் ஊரில் வாத்தியார் வேலை பார்த்தவர். 1954இல் கோலகங்சார் மலாய்க் கல்லூரிக்கு வந்தார். அடுத்து கோத்தா பாரு. அம்மா மான்செஸ்டரில் மேடை நடனக்காரி, அப்பா மதுக்கடைப் பியானோக்காரர்; அதனால் அவருக்கு நகைச்சுவை வீட்டுச் சொத்து. 1956இல் வந்த முதல் நாவல் 'டைம் ஃபார் எ டைகர்'. தலைப்பு டைகர் பியரின் விளம்பர வாசகம். பியர்க்காரர்களிடம் ஒரு விளம்பரக் கடிகாரம் கேட்டாராம், தரவில்லையாம், அந்தக் கடுப்பில் நாவலுக்குள் போட்டிப் பியரைப் புகழ்ந்து வைத்தாராம். சொன்னவர் பர்ஜெஸ்தான். அவர் சொல்லும் கதைகளில் உப்பு எப்போதும் ஒரு கல் கூடத்தான் இருக்கும்.

மலாயாவை வைத்து அவர் எழுதிய மூன்று நாவல்களில் கடைசியான 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்' (1959) நமக்கு முக்கியம். வைத்திலிங்கம், ஆறுமுகம், சுந்தரலிங்கம், மணியம் என்று ஒரு யாழ்ப்பாணத் தமிழர் கூட்டமே அதில் உலவுகிறது. ஒருவர் கால்நடை மருத்துவர், ஒருவர் விமான நிலையத்தில், ஒருவர் போலீசில். ஆறுமுகத்துக்குக் கீச்சுக்குரல். சுதந்திரத்தை ஒட்டிய மலாயாவில் யார் எந்த நாற்காலியில் உட்கார்வது என்ற இழுபறிதான் அவர்களைச் சுற்றி நடக்கும் கேலி. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும் யாழ்ப்பாணப் பெரியவர்கள் யாரிடமாவது அந்தப் பக்கங்களைக் கொடுத்தால், கோபப்படுவார்கள். பிறகு 'அது நம்ம மாமா மாதிரியே இருக்கு' என்பார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழருக்கு பர்ஜெஸ் கதையில் இந்த இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை.

*

பட்டாளக் கூத்துக்காரர்கள் மூட்டை கட்டிய சமயத்தில், 1948இல், பினாங்கிலிருந்து சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர். பி. ரம்லிதான். அவரை முதலில் கதாநாயகனாக்கிய படம் 'பக்தி' (1950). இயக்கியவர் சென்னை மாகாணத்தில் பிறந்த எல். கிருஷ்ணன். 1964இல் கோலாலம்பூருக்கு மாறிய ரம்லி, உலு கிள்ளான் மெர்டேக்கா ஸ்டூடியோவில் ஏ.ஆர். தோம்பலையும் இப்ராஹிம் டின்னையும் சேர்த்துக்கொண்டு 'டோ ரே மி' சிரிப்புப் படங்களை எடுத்தார். 1973இல் 44 வயதில், கையில் காசில்லாமல் இறந்தார். இன்று ஸ்டூடியோ இருந்த இடத்தில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸ் இருக்கிறது. நகரின் நடுவே அவர் பெயரில் சாலையும் இருக்கிறது.

*

வெள்ளைக்காரன் நம்மைப் போல் நடித்த கதை போதும். 1989இல் கோலாலம்பூரில் தொடங்கிய இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டரின் நிறுவனர்கள் நால்வர்: ஜோ குகதாஸ், ஜிட் முராட், ஸாஹிம் அல்பக்ரி, ஆங்கிலேயரான ஆண்ட்ரூ லெசி. அரசியல்வாதிகளை மேடையில் வைத்து வாங்குவதுதான் குழுவின் தொழில். குகதாஸின் புகழ்பெற்ற வேடம் 'ஒய்.பி.' (மாண்புமிகு) என்ற மலாய் அரசியல்வாதி. தமிழ்ப் பெண் ஒருவர் சொங்கோக் அணிந்து மாண்புமிகுவாகப் பேச ஆரம்பித்ததும், முன்வரிசையில் உண்மையான மாண்புமிகுக்கள் யாராவது இருக்கிறார்களா என்று கூட்டம் கழுத்தை நீட்டும். 2003இல் ஒரு காட்சி குறித்துப் பத்திரிகையில் புகார்க் கடிதம் வெளிவர, மாநகர மன்றத்தின் உரிமக் கெடுபிடியில் குழு மாட்டிக்கொண்டது. அதற்கப்புறமும் ஒய்.பி. பேச்சை நிறுத்தவில்லை.